ஆறே முக்கால் மணி அழைப்பு

காலை ஆறே முக்காலுக்கு மூன்றாம் மாடித் தபாலக்கா, சுவரில் இருக்கும் இன்டர்காமை எடுத்து, தனக்கு நேர் கீழே இரண்டாம் மாடியில் இருக்கும் சிக்னல்காரரைக் கூப்பிடுவார். “எழுந்தாச்சு. எல்லாம் சரி.” பேச்சு அவ்வளவுதான். சிக்னல்காரர் உடனே தரைத்தளத்துத் தையல்காரரைக் கூப்பிட்டு அதையே சொல்வார். தையல்காரர் நான்காம் மாடி பேக்கரிக்காரரை, பேக்கரிக்காரர் முதல் மாடி நர்ஸம்மாவை, நர்ஸம்மா ஹெட்மாஸ்டரை. ஏழேகாலுக்குள் ஹெட்மாஸ்டர் கட்டட வாசலுக்கு வந்து, அறிவிப்புப் பலகையில் ஒரு பச்சை அட்டையை மாட்டுவார். ‘இன்று எல்லோரும் நலம்’ என்று அதில் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கும்.

ஹெட்மாஸ்டருக்கு மனைவி இருந்தார். மற்ற ஐந்து பேரும் தனியாள். ஐந்தாம் மாடியில் ஒருவர் இறந்து மூன்று நாள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது என்ற ஒரு சம்பவம் அந்தக் கட்டடத்தில் நடந்த பிறகு, இந்த ஏற்பாட்டை யோசித்துக் கொண்டுவந்தவர் சிக்னல்காரர். முப்பத்து நான்கு வருடம் ரயில்வே சிக்னல் கேபினில் இருந்தவர். பாதை காலி என்று ஒரு ஸ்டேஷனிலிருந்து அடுத்த ஸ்டேஷனுக்கு ‘லைன் கிளியர்’ கொடுப்பதைப் போலவே இதையும் அமைத்தார். விதியையும் அவரே தட்டச்சு செய்து, ஆறு வீட்டு இன்டர்காமுக்கும் மேலே ஒட்டினார்.

‘பின்னாலிருந்து அழைப்பு வராமல் முன்னால் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் பார்க்கவும். வராவிட்டால் போய்க் கதவைத் தட்டவும். திறக்காவிட்டால் நர்ஸம்மாவிடம் மாற்றுச் சாவி வாங்கவும்.’

“ரயில் ஓடாத வீட்டுக்கு எதுக்குண்ணே இவ்வளவு சட்டம்?” என்று பேக்கரிக்காரர் கேட்டபோது, “மனுஷன் ரயிலைவிடப் பெரியவன் தம்பி” என்றார் சிக்னல்காரர். நல்ல பதில்தான். சொன்னவர் அதன்படி நடந்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

ஒரு திங்கட்கிழமை மாலை, கீழே வாசிப்பு அறையில் எல்லோரும் கேரம் ஆடிக்கொண்டிருந்தார்கள். சிக்னல்காரர் தம் சரக்கு வண்டிக் கதையை எடுத்தார். அச்சு சூடாகிப் புகையத் தொடங்கிய சரக்கு வண்டியை, அவர் கேபின் ஜன்னலிலிருந்து பார்த்து நிறுத்திய கதை. எதிரே பயணிகள் வண்டி வந்துகொண்டிருந்தது. அந்த இடத்தில் அவர் எப்போதும் சற்று நிறுத்துவார். அன்றும் நிறுத்தினார்.

அந்த இடைவெளியில் தபாலக்கா, காயை அடித்துக்கொண்டே, அவருடைய குரலிலேயே சொன்னார். “‘கை நடுங்கல, ஆனா முழங்கால் நடுங்கிச்சு.’ அதானே அண்ணே?”

அறையே சிரித்தது. ஹெட்மாஸ்டருக்குப் பல்செட் கழன்றுவிடும்போல ஆகிவிட்டது.

“இந்த வண்டி நாப்பது தடவை வந்துடுச்சு. பேசாம டைம்டேபிள்ல ஏத்திடலாம். திங்கள், வியாழன்” என்றார் தபாலக்கா.

“லேட்டா வந்ததே இல்லையே, அதைச் சொல்லுங்க” என்றார் பேக்கரிக்காரர்.

சிக்னல்காரரும் சிரித்தார். ஆனால் ஆட்டம் முடிவதற்கு முன்பே, கண் உறுத்துகிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டார்.

சிறிய விஷயம். ஆனால் அந்த மனிதரிடம் மிச்சமிருந்தது அந்தக் கதைதான். மனைவி போய் ஆறு வருடம். வெளிநாட்டில் இருக்கும் மகன் ஞாயிற்றுக்கிழமை பேசுவான். அப்பா பேசும்போது அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்கும். கதையை முழுதாகக் கேட்க உலகத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். அவர்களும் சிரித்துவிட்டார்கள். தபாலக்கா அந்தக் கதையை வார்த்தை பிசகாமல் நினைவில் வைத்திருக்கிறார் என்பது அவருக்குத் தோன்றவில்லை. கோபம் வந்தால் நமக்குக் கிடைத்ததுகூடக் கண்ணில் படாது.

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கு இன்டர்காம் ஒலிக்கவில்லை.

ஆறு ஐம்பதுக்கும் ஒலிக்கவில்லை. சிக்னல்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். ‘ஓஹோ, கிண்டல் பண்ணினவங்களே முறுக்கிக்கிட்டாங்களா. நான் போய்க் கதவைத் தட்டணுமாம். தட்டினா, பாத்தீங்களா, வந்துட்டார்னு அதுக்கும் ஒரு சிரிப்பு.’ தலைக்கு மேலேயே அவர் ஒட்டிய விதி இருந்தது. ஏழு மணிக்குத் தையல்காரரே கூப்பிட்டுவிட்டார்.

“என்ன தம்பி, இன்னிக்கு வண்டி லேட்டா?”

தையல்காரருக்கு எண்பத்தொன்று. எழுபத்து நான்கு வயது சிக்னல்காரர் அவருக்குத் தம்பிதான்.

“வந்தாச்சுண்ணே. எல்லாம் சரி.”

அப்படித்தான் சொன்னார். முப்பத்து நான்கு வருடத்தில் ஒரு முறைகூடச் செய்யாததை, ஒரு சிரிப்புக்காகச் செய்தார். தையல்காரர் பேக்கரிக்காரருக்குச் சொன்னார். பேக்கரிக்காரர் நர்ஸம்மாவுக்கு. ஏழேகாலுக்குப் பச்சை அட்டை ஏறிவிட்டது.

ஏழரை மணிச் செய்தியின்போது மேலே தரையில் தட்டும் சத்தம் கேட்டது. டொக், டொக். ரேடியோ அதிகமாக அலறினால் தபாலக்கா கைத்தடியால் அப்படித் தட்டுவது வழக்கம். ‘கூப்பிட மனசு வரலை, குறை சொல்ல மட்டும் வருதோ’ என்று சிக்னல்காரர் எழுந்து போய் ரேடியோவைக் கூட்டி வைத்தார்.

பதினொரு மணிக்கு மின்சாரம் போயிற்று. ரேடியோ அடங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தம் மறுபடி கேட்டது. இந்த முறை அது வலுவில்லாமல், ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நெடுநேரம் விட்டு வந்தது. கைத்தடிச் சத்தமும் அல்ல அது. பிளாஸ்டிக் குவளையால் தட்டுவதுபோல் இருந்தது. வந்த இடம் தபாலக்காவின் கூடமும் அல்ல. குளியலறை.

அவர் படியேறி ஓடினார். கதவு திறக்கவில்லை. இறங்கி நர்ஸம்மாவிடம் ஓடினார். சாவியோடு இருவரும் மேலே ஓடினார்கள்.

தபாலக்கா குளியலறைத் தரையில் பக்கவாட்டில் கிடந்தார். வலது மணிக்கட்டு உடைந்து வீங்கியிருந்தது. நெற்றியில் ரத்தம் உறைந்திருந்தது. உடம்பு சில்லென்று இருந்தது. கண்ணைத் திறந்து சிக்னல்காரரைப் பார்த்து, “வந்துட்டீங்களா” என்றார். பிறகு மயங்கிவிட்டார்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் நர்ஸம்மா கேட்டார். “காலையில உங்களைக் கூப்பிட்டாங்கல்ல? அப்போ நல்லாத்தானே பேசினாங்க?”

சாதாரணமான கேள்வி. அவரே பதிலையும் பாதி சொல்லிவிட்டார். சிக்னல்காரர் தலையை ஆட்டினால் போதும்.

“ஆமா. ஆறே முக்காலுக்கு. எப்பவும்போலப் பேசினாங்க.”

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும் என்பார்கள். சிக்னல்காரர் அந்த ஒன்பதைப் பற்றி யோசிக்கவில்லை. இது ஒன்றோடு போகும் என்று நினைத்தார்.

தபாலக்கா பிழைத்தார். கட்டடம் முழுக்கச் சிக்னல்காரர் புகழ்தான். அவருக்குத்தான் ஏதோ மனதில் பட்டிருக்கிறது, பதினொரு மணிக்கு ஓடிப்போய்ப் பார்த்திருக்கிறார், இல்லாவிட்டால் அக்கா இல்லை என்றார்கள். முகம் தெரியாத மாடிக்காரர்களெல்லாம் லிஃப்டில் கை கொடுத்தார்கள். அவர் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் போக ஆரம்பித்தார்.

தினமும் விடிந்ததும் கண்ணை மூடி உட்கார்ந்து பிரார்த்தனை செய்வது அவர் பழக்கம். அந்த வாரம் உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். ‘அந்தம்மா நல்லாகணும்’ என்று தொடங்கும் வேண்டுதல், ‘யாருக்கும் தெரியக் கூடாது’ என்று போய் முடிந்தது. கடவுள் முன்னால் உட்கார்ந்துகொண்டு ரேடியோவைக் கூட்டி வைக்க முடியாதே.

ஆறு நாள் கழித்துத் தபாலக்கா வீட்டுக்கு வந்தார். கையில் மாவுக்கட்டு, நெற்றியில் ஐந்து தையல். வெளியூரிலிருந்து மகள் வந்திருந்தாள். பொறுமையான பெண். அலுவலகத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு வந்து, இரண்டு கண்ணிலும் தூக்கமில்லாமல் அம்மாவைக் கவனித்துக்கொண்டிருந்தாள்.

சிக்னல்காரர் பார்க்கப் போனபோது அவள் அவரை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு வந்து, தாழ்ந்த குரலில் பேசினாள்.

“மாமா, அம்மா ஒரு மாதிரி பேசறாங்க. இருட்டா இருக்கும்போதே, டீ போடறதுக்கு முன்னாடியே விழுந்துட்டேன், அன்னிக்கு யாரையும் கூப்பிடவே இல்லைங்கறாங்க. நீங்க சொல்லித்தான் அவங்க பேசினதே எங்களுக்குத் தெரியுது. டாக்டர்கிட்ட சொன்னேன். தலையில அடிபட்டதால இருக்கலாம், ஏற்கெனவே மறதி ஆரம்பிச்சிருக்கவும் வாய்ப்பு இருக்குன்னார். அப்படி இருந்தா இவங்களை எப்படித் தனியா விடறது?”

“கொஞ்ச நாள்ல சரியாயிடும்மா” என்றார் சிக்னல்காரர். தம் குரல் தம்முடையது மாதிரியே அவருக்குத் தெரியவில்லை.

உள்ளே தபாலக்கா ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தார். முப்பத்தொரு வருடம் தபால் கவுன்ட்டருக்குப் பின்னால் இருந்தவர். ஊர்ப் பெயரைச் சொன்னால் அஞ்சல் எண்ணைச் சொல்வார். மூத்தவர்கள்கூட அவரை அக்கா என்று கூப்பிட்டதே அந்தத் தலைக்குக் கொடுத்த மரியாதைதான். இப்போது மடியில் ஒரு நோட்டு இருந்தது. இடது கையில் பேனா.

“வாங்கண்ணே. உங்களைத்தான் எதிர்பார்த்தேன். நீங்கதான் சாட்சி. அன்னிக்குக் கூப்பிட்டு நான் என்ன பேசினேன்?”

“அது... எப்பவும்போலத்தான்.”

“எப்பவும்போலன்னா? ஒவ்வொரு வார்த்தையா சொல்லுங்க.”

“எழுந்தாச்சு, எல்லாம் சரின்னு.”

“குரல் சரியா இருந்துச்சா? உளறினேனா?”

“இல்லக்கா. நல்லாத்தான் பேசினீங்க.”

அவர் இடது கையால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல எழுதினார். ‘6.45. பேசியிருக்கிறேன். நினைவில்லை.’

“இன்னொண்ணு. கீழ கிடந்தப்போ குவளையால தரையைத் தட்டினேன். உங்க ரேடியோ ஓடிட்டு இருந்துச்சு. தட்டினதும் சத்தம் கூடிச்சு. அது நடந்துச்சா, இல்ல அதுவும் என் தலைக்குள்ளதானா?”

சொல்லிவிட இதைவிட நல்ல நேரம் வாய்க்காது. மகள் சமையலறையில் இருந்தாள். அறையில் இவர்கள் இருவர்தான். சிக்னல்காரர் வாயைத் திறந்தார்.

“அன்னிக்கு நான் ரேடியோவே போடலக்கா.”

 தபாலக்கா தலையைக் குனிந்து எழுதினார். ‘தட்டியது, ரேடியோ. நடக்கவில்லை.’ நோட்டை மூடினார்.

“அப்போ பொண்ணு ஊருக்குப் போயிடறதுதான் சரி” என்றார். “நேத்து வரைக்கும் பொண்ணுகிட்ட சண்டை போட்டேன். எனக்கு ஒண்ணும் இல்லடி, நான் இங்கேயேதான் இருப்பேன்னு. என் தலையை நானே நம்ப முடியாதப்போ என்னத்தைச் சண்டை போடறது? நாளைக்கு காஸை மூடினேன்னு நினைச்சுக்கிட்டுத் திறந்து விட்டா, கட்டடத்துல குழந்தைங்க இருக்கு.”

அன்று முதல் மற்றவர்கள் தபாலக்காவிடம் பேசும் விதமே மாறிவிட்டது. ஹெட்மாஸ்டர் நிறுத்தி நிறுத்திப் பேசினார். நர்ஸம்மா, “இன்னிக்கு என்ன கிழமை சொல்லுங்க பாப்போம்” என்றார். பேக்கரிக்காரர் கிண்டல் செய்வதையே விட்டுவிட்டார். தபாலக்காவுக்கு அதுதான் மிகவும் வலித்தது. மனிதர்கள் நம்மைக் கேலி செய்வதை நிறுத்தும்போதுதான் நாம் கூட்டத்திலிருந்து விலக்கப்படுகிறோம். சிக்னல்காரர் இதையெல்லாம் பக்கத்திலிருந்து பார்த்தார். திங்கட்கிழமை மாலை தம்மைச் சுட்ட அந்தச் சிரிப்பு எவ்வளவு பெரிய உறவு என்று அவருக்கு இப்போது தெரிந்தது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. சொன்னால் இந்த ஐந்து பேரும் போய்விடுவார்கள். இவர்களை விட்டால் அவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பாத்திரச் சத்தம்தான்.

மகளின் ஊரில் ஒரு முதியோர் இல்லத்தில் இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை கிளம்புவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மாலை வாசிப்பு அறையில் அக்காவை வழியனுப்பவும், சிக்னல்காரரைப் பாராட்டவும் ஒரே கூட்டம். செலவும் மிச்சம், அழுகையும் ஒரே தடவையில் முடியும் என்றார் பேக்கரிக்காரர். பச்சை சிக்னல் வைத்த கேக் ஒன்று தாமே செய்வதாகவும் சொன்னார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மகள் சிக்னல்காரரை மேலே கூப்பிட்டாள். கூடம் முழுக்கப் பெட்டிகள். மேசையில் ஒரே ஒரு இடம் காலியாக இருந்தது. அங்கே ஒரு படிவத்தையும் பேனாவையும் வைத்தாள்.

“சிரமத்துக்கு மன்னிக்கணும் மாமா. அந்த இல்லத்துல மறதி இருக்கறவங்களுக்குத் தனிப் பிரிவு. அதுல சேர்க்கப் பக்கத்து வீட்டுக்காரங்க ஒருத்தர் எழுதித் தரணுமாம். என்னிக்கு, எத்தனை மணிக்கு, என்ன பாத்தீங்கன்னு. நாலு வரி போதும். கீழ கையெழுத்து.”

படிவத்தில் கட்டம் போட்டிருந்தது. தேதி. நேரம். கவனித்தது. கையொப்பம்.

சிக்னல்காரர் உட்கார்ந்தார். பேனாவை எடுத்தார். கேபினில் இருந்த பதிவேட்டிலும் இதே கட்டங்கள்தான். ஒவ்வொரு வண்டிக்கும் வந்த நேரம், கொடுத்த நேரம். மையில்தான் எழுத வேண்டும், அழிக்கக் கூடாது. தப்பாக எழுதினால் ஒரே கோடு போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். வாயால் அவர் எவ்வளவோ பேசியிருக்கிறார். கதைகளைக் கொஞ்சம் ஊதியும் சொல்லியிருக்கிறார். அந்தச் சரக்கு வண்டியின் புகைகூட வருடத்துக்கு வருடம் அடர்த்தியாகிக்கொண்டுதான் வந்தது. ஆனால் கட்டத்துக்குள் பொய் நேரம் எழுதியதில்லை.

தேதியை எழுதினார். நேரம் என்ற கட்டத்தில் 06.45 என்று எழுதினார். அடுத்த கட்டத்தில் ‘அழைத்தார்’ என்று எழுத வேண்டும். கை நின்றுவிட்டது.

கடவுள் சிலருக்குக் கோவிலில் பேசுவார், சிலருக்குக் கனவில் பேசுவார். இந்த மனிதருக்கு அவர் கட்டம் போட்ட தாளில் பேசினார் என்றுதான் சொல்ல வேண்டும்.

சிக்னல்காரர் எழுதினார்.

‘06.45. அழைப்பு வரவில்லை.

07.00. அழைப்பு வராமலே அடுத்த வீட்டுக்கு ‘எல்லாம் சரி’ கொடுக்கப்பட்டது.

07.30. மேல் மாடியில் தட்டும் சத்தம். ரேடியோ சத்தம் கூட்டப்பட்டது.

11.00. மின்தடை. தட்டும் சத்தம் மறுபடி கேட்டது. கதவு திறக்கப்பட்டது.

இவற்றையெல்லாம் செய்தவன் நான்.’

கீழே கையெழுத்துப் போட்டு, தாளை மகள் பக்கம் திருப்பி வைத்தார். மகள் படித்தாள். முதல் வரியிலேயே அவள் முகம் மாறியது. கடைசி வரிக்கு வருவதற்குள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

“அம்மா!” என்று கத்தினாள்.

தபாலக்கா மெதுவாக வந்தார். மகள் தாளை உரக்கப் படித்தாள். முடித்ததும் தபாலக்கா, “இன்னொரு தடவை படி” என்றார். மகள் இன்னொரு தடவை படித்தாள்.

தபாலக்கா பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். “அப்போ நான் கூப்பிடல” என்றார். “இருட்டாத்தான் இருந்துச்சு. டீ போடல. தட்டினேன். ரேடியோ கூடிச்சு. எல்லாம் நடந்துச்சு.” ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். பிறகு சிரித்தார். கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். “பைத்தியக்காரி, என் தலை நல்லாத்தான் இருக்குடி!”

சிக்னல்காரர் எழுந்து நின்றார். எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை. ஒரு பெட்டியில் ‘சமையல் சாமான், உடையக்கூடியது’ என்று எழுதியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பு அடங்கியதும் தபாலக்கா அவரைப் பார்த்தார்.

“அஞ்சரை மணி நேரம்ணே.”

அவர் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“நான் பயப்படவே இல்ல, தெரியுமா? விழுந்ததும் என்ன நினைச்சேன்? நான் கூப்பிடாட்டி அஞ்சு நிமிஷத்துல அண்ணன் வந்துடுவார். மத்தவங்களா இருந்தாக்கூடச் சந்தேகம், இவர் சட்டம் போட்டவராச்சே. மணி ஏழாயிருக்கும், வரல. சரி, சாவி வாங்கப் போயிருப்பார்னு நினைச்சேன். தட்டினேன். ரேடியோ சத்தம் கூடிச்சு. அதை நான் என்னன்னு நினைச்சேன் தெரியுமா?” குரல் உடைந்தது. “காதுல விழுந்துடுச்சு, பதில் சொல்றார், இதோ வரேன்னு சொல்றார்னு நினைச்சேன். அந்த நம்பிக்கையிலதான் கண்ணை மூடாமக் கிடந்தேன்.”

சிக்னல்காரர் கைகூப்பினார். மன்னியுங்கள் என்ற சொல் தொண்டைவரை வந்தது. அதைச் சொல்லவும் கூசியது. கேட்டால் அந்தப் பாரத்தையும் தபாலக்காதானே சுமக்க வேண்டும்.

“கோபமா என்மேல? அந்தக் கேரம் பேச்சுக்கா?” என்று தபாலக்கா கேட்டார்.

அவர் தலையை ஆட்டினார். எழுபத்து நான்கு வயது மனிதர், ஆமாம் என்று தலையை ஆட்டினார்.

“இதுக்கா! திருப்பி ரெண்டு வார்த்தை திட்டியிருக்கலாமே. எனக்கு வாய் இல்லையா, உங்களுக்கு வாய் இல்லையா?” மாவுக்கட்டுக் கையால் கண்ணைத் துடைக்கப் போய், நெற்றித் தையலில் இடித்துக்கொண்டார். “எனக்கு இப்போ உங்களைப் பாக்கப் பிடிக்கல. போங்க. ஆனா வீட்டுக்குப் போகாதீங்க. இந்த ரெண்டு வாரமா எல்லாரும் என்னைப் பாவம்னு பாத்தாங்க. ஒவ்வொரு வாசலுக்கும் போய் நீங்களே சொல்லுங்க. மொத்தமாக் கூட்டி வச்சுச் சொல்லிட்டு ஓடக் கூடாது. ஒவ்வொருத்தர் முகத்தையும் பாத்துச் சொல்லணும்.”

முதலில் ஹெட்மாஸ்டர் வீடு. அவர் முழுவதும் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தம்மா கீழ கிடந்த நேரத்துல நான் பச்சை அட்டை மாட்டினேன். எல்லோரும் நலம்னு” என்றார். “உங்களை நம்பி மாட்டினேன்.” இன்னும் ஏதாவது சொல்வார் என்று சிக்னல்காரர் காத்திருந்தார். “நாளையிலிருந்து வரிசையில நீங்க வேணாம். அக்கா என்னையே கூப்பிடட்டும்” என்று சொல்லிக் கதவை மெதுவாக மூடினார். படாரென்று அடித்திருந்தால் தேவலை.

நர்ஸம்மா பொரிந்து தள்ளினார். “நீங்கள்லாம் மனுஷனா? ஈரத் தரை, அந்த வயசு, இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்னு தெரியுமா? ஆஸ்பத்திரியில என் மூஞ்சியைப் பாத்து எப்படிங்க சொல்ல முடிஞ்சுது? நான் அந்தம்மாவைப் போய் என்ன கிழமைன்னு கேட்டுட்டு இருந்தேனே!” திட்டிக்கொண்டே வந்தவர் சட்டென்று நிறுத்தினார். “ஏன் இப்படி வெளுத்திருக்கீங்க? காலையில மாத்திரை போட்டீங்களா? உக்காருங்க. பிரஷர் பாத்துடறேன். மிச்சத்தை அப்புறம் திட்டறேன்.” கையில் பட்டையைச் சுற்றினார். அழுத்தம் அதிகமாக இருந்தது. மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தார். அவர் விழுங்கியதும் சொன்னபடியே மிச்சத்தையும் திட்டி முடித்தார்.

பேக்கரிக்காரர் வீடு முழுக்க வெண்ணெய் வாசனை. மேசை நடுவில் கேக். பச்சை விளக்கு எரியும் சிக்னல் கம்பம், தண்டவாளம், கீழே ‘உயிர் காத்த அண்ணனுக்கு’ என்ற எழுத்து. சிக்னல்காரர் அதைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டியதாயிற்று.

பேக்கரிக்காரர் கேட்டுவிட்டுக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டார். பிறகு, “நானும் அன்னிக்குச் சிரிச்சேனே” என்றார்.

“உன்மேல தப்பில்ல தம்பி.”

“அதைத்தான் சொல்றேன். எங்க சிரிப்பு மேல பழியைப் போடாதீங்க.” ஒரு கத்தியை எடுத்து எழுத்தைச் சுரண்ட ஆரம்பித்தார். “அக்கா போகலதானே? அப்போ இது அக்காவுக்கு. சிக்னலையும் எடுத்துடறேன். தண்டவாளம் ஏணி மாதிரிதான் இருக்கு, இருந்துட்டுப் போகட்டும்.” சுரண்டிய பச்சையை எங்கே போடுவது என்று தெரியாமல் கத்தியோடு நின்றார். சிக்னல்காரருக்கு வெளியே வருவதுதான் உதவி என்று பட்டது.

கடைசியாகத் தையல்காரர். மற்றவர்களுக்கு அன்று காலைப் பொய் சுற்றித்தான் போயிற்று. இவர் காதில்தான் அது நேராக விழுந்தது. அதனாலேயே இந்த வாசலைக் கடைசிக்கு வைத்திருந்தார்.

தையல்காரர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழைய காற்சட்டை ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தார். சிக்னல்காரர் வாசலிலேயே நின்று சொன்னார்.

“என்னது?” என்றார் தையல்காரர், காதைக் குவித்து. “இன்டர்காம்ல கேக்குது, நேர்ல கேக்கல. சத்தமா.”

“அன்னிக்கு அக்கா என்னைக் கூப்பிடவே இல்லண்ணே!”

“எந்த அக்கா?”

“தபாலக்கா! அவங்க கூப்பிடாமலே, எல்லாம் சரின்னு உங்ககிட்ட பொய் சொன்னேன்! அவங்க அப்போ கீழ விழுந்து கிடந்தாங்க!”

லிஃப்டுக்குக் காத்திருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பெண் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். சிக்னல்காரரின் காது மடல்கள் கொதித்தன. ஆனாலும் மிச்சத்தையும் அதே சத்தத்தில் சொல்லி முடித்தார். தட்டியது, ரேடியோ, ஆஸ்பத்திரியில் சொன்னது, நோட்டு, எதையும் விடவில்லை. முடிக்கும்போது அவர் குரல் கம்மிவிட்டது. லிஃப்ட் வந்து, யாரும் ஏறாமல், திரும்பிப் போயிருந்தது.

தையல்காரர் காற்சட்டையை மடியில் வைத்தார். “அப்போ நாளைக்கு நீங்க எல்லாம் சரின்னா நான் எப்படி நம்பறது தம்பி?”

“நம்ப வேணாம்ணே. வரிசையில நான் இல்ல. ஹெட்மாஸ்டர் சார் சொல்லிட்டார்.”

“அவர் சொல்லுவார். அவருக்கு வீட்டுல ஆள் இருக்கு. எனக்கு யார் சொல்றது?” கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “காதால கேட்டுத்தானே ஏமாந்தேன். இனிமே கண்ணால பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

“அக்கா எனக்குக் கதவு திறக்க மாட்டாங்கண்ணே. பாக்கவே பிடிக்கலன்னுட்டாங்க.”

“திறக்காட்டியும் உள்ள நடமாட்டம் கேக்குமில்ல? உள்ள இருந்து உங்களைத் திட்டினா இன்னும் நல்லது. ஆள் தெம்பா இருக்காங்கன்னு அர்த்தம். என்ன திட்டினாங்கன்னு வந்து எங்கிட்ட சொல்லுங்க. மாத்தாமச் சொல்லணும்.”

சிக்னல்காரர் இத்தனை நேரம் அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் உடைந்தது. முகத்தை மூடிக்கொள்ளக்கூடத் தோன்றாமல், லிஃப்டுக்குக் காத்திருந்தவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, வாசலிலேயே அழுதார். தையல்காரர் பார்க்காததுபோல் ஊசியில் நூல் கோக்க முயன்றார். மூன்று தடவை தவறியது. பிறகு ஊசியையும் நூலையும் அவர் பக்கம் நீட்டினார்.

“உங்களுக்குக் கண்ணு தெரியுமில்ல? வந்து இதைக் கோத்துக் குடுங்க” என்றார். சிக்னல்காரர் வழக்கம்போல் வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். “ஐயோ, கழட்டாதீங்க. தரையெல்லாம் குண்டூசி.”